பழைய ஆமி லேண்ட் ரோவருக்கு டர்போ: காற்று முதலில், டீசல் கடைசியில்

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் நின்று "லேண்ட் ரோவர் டீசலுக்கு டர்போ பூட்ட வேண்டும்" என்று கேட்டாலும் கிடைக்கிற முதல் பதில், "அதை விடுங்கோ அண்ணை, 200ரிடிஐ எஞ்சின் ஒன்றைத் தேடிப் போடுங்கோ" என்பதுதான். 200ரிடிஐ என்பது லேண்ட் ரோவரின் பிந்திய டர்போ டீசல் எஞ்சின். பிழையான பதில் இல்லை. ஆனால் நல்ல 200ரிடிஐ லேசில் அகப்படாது. அகப்பட்டாலும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். இருக்கிற எஞ்சின் உறுதியாக இருந்தால், அதிலேயே அளவாக ஒரு டர்போவைப் பூட்டுவதில் நியாயம் உண்டு. "அளவாக" என்ற சொல்லில்தான் முழு வேலையும் கிடக்கிறது.

இங்கே பேசப்படுவது லேண்ட் ரோவர் 110 பிக்கப், 2.5 லீற்றர் டர்போ இல்லாத டீசல். தொழிற்சாலைப் பெயர் 12ஜே. 1984இல் வந்தது. பழைய 2.25 எஞ்சினின் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, 97 மில்லிமீற்றராக நீட்டி 2495 சிசி ஆக்கினார்கள். டைமிங் செயினுக்குப் பதிலாக பெல்ட் வந்தது. குதிரைவலு 68. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்காமல் இருந்ததில், ஏலத்தில் கறள் குவியலாகக் கிடந்த ஆமி வண்டிகளுக்கும் மதிப்பு வந்துவிட்டது. ஆகவே பார்த்து வாங்குங்கள்.

டர்போ என்பது எக்ஸோஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சிறு விசிறி. அது எதற்கு? கொழும்புக்குள் ஓட 68 குதிரைவலு போதும். காலி வீதி நெரிசலில் 168 இருந்தாலும் முச்சக்கரவண்டிக்குப் பின்னால்தான் போகவேண்டும். பிரச்சினை மலையில். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தாலும் பம்ப் அதே டீசலைத்தான் ஊற்றும். எரியாத டீசல் கறுப்புப் புகையாகவும் சூடாகவும் வெளியே போகும். றம்பொடையில் மூன்றாம் கியரில் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஏறுகிற 110க்குக் குறைவது டீசல் அல்ல, காற்று. டர்போவை இந்தக் கண்ணோடு பார்த்தால் எஞ்சின் பிழைக்கும்.

லேண்ட் ரோவரே இதே 2.5க்கு டர்போ போட்டு 1986இல் விற்றது. அதுதான் 19ஜே. கிடைத்தது 85 குதிரைவலு. அதற்காகக் கிராங்கில் குறுக்கு ஓயில் துளைகள் போட்டார்கள், எக்ஸோஸ்ட் வால்வை நிமோனிக் உலோகத்தில் செய்தார்கள், ஓயில் கூலர் சேர்த்தார்கள். அப்படியும் பிஸ்டன் வெடிப்பதற்கும், பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஓயில் தள்ளுவதற்கும் அந்த எஞ்சின் பெயர் எடுத்தது. கம்பனி இவ்வளவு செய்தே 85. அந்த மாற்றங்கள் எதுவும் இல்லாத 12ஜேயில் அதைத் தாண்ட நினைப்பது வீண் ஆசை. இலக்கு 75ஐ ஒட்டியே இருக்கட்டும்.

வண்டியைப் பார்க்கும்போது

ஆமி வண்டியில் ஓடிய கிலோமீற்றரை நம்பிப் பயனில்லை. இவை ஓடியதைவிட நின்ற இடத்தில் எஞ்சின் போட்டபடி நின்றதுதான் அதிகம். மணிக்கணக்கில் ஐடிலில் நின்ற டீசல் எஞ்சினில் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். ரிங் பிடிக்காது, ஓயில் குடிக்கும். கம்ப்ரெஷன் பார்த்தால் தெரியும். 12ஜேயின் அமுக்க விகிதம் 21:1. எஞ்சினைச் சூடாக்கி, இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலுக்கென்றே உள்ள மீற்றரைப் பூட்டுங்கள். பெற்றோல் மீற்றர் முதல் சுற்றிலேயே உடையும். நல்ல எஞ்சினில் 400 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும். நாலு சிலிண்டருக்கும் இடையில் 40, 50 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போக் கதையை நிறுத்திவிட்டு ரிங் மாற்றுவது, சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிற ஹோனிங் ஆகிய வேலைகளைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஓயில் பிரஷர். டாஷில் இருக்கிற சிவப்பு லைட் எதையும் சொல்லாது. பிரஷர் சுவிட்ச் இருக்கிற துளையில் மெக்கானிக்கல் மீற்றரைப் பூட்டி, சூட்டில், 2000 சுற்றில் பாருங்கள். புத்தகம் 35 முதல் 65 பிஎஸ்ஐ வரை சொல்கிறது. டர்போவுக்குப் போகிற எஞ்சின் என்றால் 40க்குக் கீழே ஒத்துக்கொள்ளாதீர்கள். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அதைத் தாங்குவது ஒரு ஓயில் படலம் மட்டும்தான்.

பிறகு வண்டிக்குக் கீழே படுத்து டைமிங் கவரின் அடியைப் பாருங்கள். விரல் நுனி அளவில் ஒரு துளை இருக்கும். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் பெல்ட்டுக்குள் போகாமல் அடைப்பதற்கு ஒரு பிளக் உண்டு. மற்ற நேரம் அது திறந்தே இருக்கவேண்டும். பழைய ஆமி வண்டிகளில் பிளக் பூட்டியபடியே, மேலே பெயின்டும் அடித்துக் கிடக்கும். அதைக் கழற்றுங்கள். காய்ந்த தூசி கொட்டினால் நிம்மதி. கறுப்பு ஓயில் ஒழுகினால் கிராங்க் சீல் அல்லது கேம் சீல் போயிருக்கிறது. உள்ளே பெல்ட் ஓயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஓயிலில் ஊறிய றபர் பல் கழன்றால் வால்வும் பிஸ்டனும் முட்டும். எதுவாக இருந்தாலும் வாங்கிய வண்டிக்குப் பெல்ட், டென்ஷனர், இரண்டு சீல் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். கணக்குக்கு 60,000 மைலுக்கு ஒருமுறை, தூசி ரோட்டில் அதில் பாதி. புதுப் பெல்ட்டின் தேதியை ரொக்கர் கவரில் பெயின்டால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

ரேடியோவுக்காகக் கட்டிய வண்டியாக இருந்தால் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றுவது பல்ப் மாற்றுகிற வேலை இல்லை: ஸ்டாட்டர், ஒல்டர்னேற்றர், குளோ பிளக், பம்பின் ஸ்டொப் சொலினொய்ட் (டீசலை நிறுத்துகிற மின் வால்வு), வைப்பர் மோட்டார், மீற்றர்கள் எல்லாம் மாறும். ஒன்றை விட்டாலும் அது ஒரு மழை நாளில் தன்னைக் காட்டும். பதிவு ஆவணம் கையில் இல்லாத ஏல வண்டிக்குக் காசு கட்டாதீர்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செசியும் பொடியும்

பொடி அலுமினியம், கறள் பிடிக்காது என்று விற்பவர் சொல்வார். பொடி அலுமினியம்தான். ஆனால் செசி இரும்பு, முன் பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள சுவர்) இரும்பு, போல்ட் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையை ஒட்டி நிறுத்துகிற வண்டிக்கு இது நிச்சயம். திரும்பப் பூட்டும்போது இரண்டுக்கும் இடையில் பெயின்ட் மட்டும் போதாது. பியூட்டைல் டேப் அல்லது மெல்லிய றபர் வையுங்கள்.

செசியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "ணங்" என்று சொல்லும். உள்ளே தின்னப்பட்டது "தொப்" என்று சொல்லும். பின் குறுக்குச் சட்டம், செசியில் இருந்து பக்கவாட்டில் நீண்டு பல்க்ஹெட்டைத் தாங்குகிற அவுட்ரிகர், பின் ஸ்பிரிங் இருக்கை ஆகிய மூன்றிலும் அதிகம் தட்டுங்கள். ஓட்டைக்கு மேலே தகடு ஒட்டி மூடுவது ஏமாற்று. கறளை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து 3 மில்லிமீற்றர் தகட்டில் பற்றவையுங்கள். தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், சதுர மூலையில் இருந்துதான் வெடிப்புத் தொடங்கும். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயர், ஒல்டர்னேற்றர் வயர், டீசல் டாங்கி மூன்றும் வெளியே. முடிந்ததும் செசிக் குழாய்க்குள் மெழுகு கலந்த ஓயிலைத் துளைகள் வழியே அடியுங்கள். பச்சைப் பெயின்ட், ஆமி அடையாளங்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வேறு நிறம் அடியுங்கள். சோதனைச் சாவடியில் கதை குறையும்.

பிரேக்கை இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். றபர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. வேகம் கூட்டுகிற வேலைக்கு முன் நிறுத்துகிற வேலை.

சூட்டை அடக்குதல்

டர்போ வாங்குவதற்கு வைத்த காசில் முதல் பங்கு ரேடியேற்றருக்குப் போகவேண்டும். பித்தளை ரேடியேற்றரின் மேல் டாங்கியைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதை இங்கே ரொடிங் என்பார்கள். அடைபட்ட குழாய் கால்வாசிக்கு மேல் இருந்தால் ரொடிங் செய்து பயனில்லை, குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப் பகுதியையே (கோர்) மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக் கூடு பழைய வண்டிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அது இல்லாமல் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். தகரத்தில் ஒன்று வளைத்துப் பூட்டுங்கள்; பம்பலப்பிட்டி சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். அது இல்லாவிட்டால் எஞ்சின் மலையில் கொதிக்கும், இறக்கத்தில் குளிரும்; அந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஹெட் வெடிக்கும்.

ஹெட் கழற்றியிருந்தால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பூட்டாதீர்கள். வால்வு இருக்கைக்கும் ஹொட் பிளக்குக்கும் (ஹெட்டில் உள்ள எரியறைத் துண்டு) இடையில் மயிரிழை வெடிப்புத் தேடுங்கள். ஹெட் போல்ட் 90 பவுண்ட் அடி, அதாவது 122 நியூட்டன் மீற்றர், நடுவில் இருந்து வெளியே, மூன்று படியாக. வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.25 மில்லிமீற்றர்.

எந்த டர்போ

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2.495 லீற்றர் காற்று இழுக்கும். 4000 சுற்றில் நிமிடத்துக்கு 4990 லீற்றர். 85 வீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 4240 லீற்றர். கொழும்பின் 30 பாகைக் காற்றில் அது ஏறக்குறைய 4.9 கிலோ. இப்போது 0.45 பார் பூஸ்ட் (டர்போ கூட்டுகிற அழுத்தம்), அதாவது 6.5 பிஎஸ்ஐ கொடுக்கிறோம். அமுக்கினால் காற்றுச் சூடாகும். 30 பாகையில் உள்ளே போனது 80 பாகையைத் தாண்டி வெளியே வரும். சூடான காற்று விரியும். ஆகவே அழுத்தம் 45 வீதம் கூடினாலும் உண்மையில் கிடைக்கிற காற்று 25 வீதம்தான் அதிகம்: நிமிடத்துக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற டர்போ நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மிட்சுபிஷி 4டி56, பஜீரோவிலும் டெலிக்காவிலும் எல்200இலும் வந்த எஞ்சின், 2477 சிசி. அதன் ரிடி04 டர்போ ரீகண்டிஷனாகப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். 19ஜேயின் அசல் டர்போவான கரட் (Garrett) ரி2, மெனிபோல்ட்டுடன் (ஹெட்டில் பூட்டுகிற எக்ஸோஸ்ட் வார்ப்புக் குழாய்) ஜோடியாகக் கிடைத்தால் அதை எடுங்கள். கேஸ்கட்டை ஹெட்டிலும் மெனிபோல்ட்டிலும் மாறி மாறி வைத்து ஒத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பெரிய டர்போ தருகிறேன் என்றால் வேண்டாம். லொறி டர்போ 3000 சுற்றுக்கு மேல்தான் விழிக்கும். மலை ஏறும்போது இந்த எஞ்சின் அங்கே இருப்பதே இல்லை.

கையில் எடுத்துப் பாருங்கள். ஷாஃப்டின் மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மிகக் கொஞ்சம் ஆடும், அது ஓயில் படலத்துக்கான இடம். உள்ளே வெளியே தள்ளினால் கையில் தெரிகிற அசைவு இருக்கக்கூடாது. ஆட்டியபடி சுற்றும்போது சிறகு கூட்டில் உரசினால் வைத்துவிட்டு நடங்கள். நடு உடம்பில் ஓயில் துளைகளைத் தவிர இன்னும் இரண்டு துளை இருந்தால் அது தண்ணீரில் குளிர்கிற வகை. அதைத் தேடி எடுப்பது நல்லது. தண்ணீர் இல்லாத வகையில், சூட்டோடு எஞ்சினை நிறுத்தினால் பேரிங்கில் நிற்கிற ஓயில் கரியாகும்.

வேஸ்ட்கேட் என்பது பூஸ்ட் மிஞ்சாதபடி எக்ஸோஸ்ட் வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே விடுகிற கதவு; அதை ஸ்பிரிங்கும் கம்பியும் உள்ள அக்சுவேற்றர் திறக்கும். இதைப் பற்றி ஒரு விசயம் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பூஸ்ட் கன்ட்ரோலரால் பூஸ்டைக் கூட்டலாமே தவிர, அக்சுவேற்றர் ஸ்பிரிங் திறக்கிற அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் கம்பியின் நட்டைத் தளர்த்திக் கம்பியை நீளமாக்குங்கள். ஸ்பிரிங் இழுப்புத் தளர்ந்து கதவு முந்தித் திறக்கும். அரைச் சுற்று, ஒரு சுற்று என்று, கம்ப்ரெஸ்ஸர் காற்றும் மீற்றரும் வைத்து மேசையிலேயே 0.45 பாரில் கம்பி அசையத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

பூட்டுதல்

12ஜேயில் இன்டேக்கும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கட். டர்போ சூடு நேராக இன்டேக்குக்கு ஏறும். நடுவில் தகரத் தடுப்பு வைக்க இடம் விட்டே திட்டமிடுங்கள். அசல் வார்ப்பு மெனிபோல்ட்டின் வாயில் 12 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அடாப்டர் ஒன்று செய்து டர்போவை உட்காரவைப்பதே எளிய வழி. தகட்டை வெல்டிங் முடிந்தபின் மறுபடி மட்டம் சீவவேண்டும். சூட்டில் வளைந்த ஃபிளான்ஜ் எத்தனை கேஸ்கட் வைத்தாலும் ஊதும். போல்ட் வேண்டாம், ஸ்டட்டும் செம்பு நட்டும் போடுங்கள். டர்போவின் பாரமும் சைலன்சர்க் குழாயின் பாரமும் மெனிபோல்ட்டில் தொங்கக்கூடாது: எஞ்சின் புளொக்கில் இருந்து ஒரு தாங்கி, குழாயில் ஒரு நெளியும் துண்டு. எக்ஸோஸ்ட் குழாய் இரண்டரை அங்குலம்.

மெனிபோல்ட் மேசையில் இருக்கும்போதே வெப்பமானிக்குத் துளை போட்டுவிடுங்கள். கே வகை தெர்மோகப்பிள், டர்போவுக்கு முன்னால், நாலு சிலிண்டரும் சேர்கிற இடத்தில், நுனி குழாயின் நடுவில். வண்டியில் பூட்டிய பின் துளைத்தால் இரும்புத் தூள் நேராக டர்பைனுக்குத்தான் போகும். டர்போவுக்குப் பின்னால் பூட்டுவது இலகு, ஆனால் பாரம் ஏறும்போது அங்கே 100 பாகைக்கு மேல் குறைத்துக் காட்டும். மிகவும் தேவையான நேரத்தில் பொய் சொல்கிற மீற்றர் அது.

இனி ஓயில். உள்ளே போகிற ஓயில் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள்: பிரஷர் சுவிட்ச் துளையில் ரி-இணைப்பு ஒன்று, அங்கிருந்து வலை சுற்றிய மெல்லிய ஹோஸ், அவ்வளவுதான். கெடுவது திரும்பி வருகிற வழி. டர்போவில் இருந்து ஓயில் அழுத்தத்தோடு வருவதில்லை. நுரைத்த மோர்போலத் தன் பாரத்தில் வழியும். ஆகவே உள்விட்டம் குறைந்தது 16 மில்லிமீற்றர், மேலிருந்து கீழே ஒரே இறக்கம், நடுவில் தொய்வோ மேட்டு வளைவோ கூடாது. எஞ்சினின் அடியிலுள்ள ஓயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைவிட உயரத்தில் துளைத்து இணைப்பைப் பற்றவையுங்கள். ஓயில் மட்டத்துக்குக் கீழே பற்றவைத்தால் வழிய இடமில்லாமல் ஓயில் டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியாக எக்ஸோஸ்டுக்குள் கசிந்து நீலப் புகையாகும். "டர்போ சீல் போய்விட்டது" என்று மாற்றப்பட்ட டர்போக்களில் பல இந்தக் குழாயால் பழி சுமந்தவை. பற்றவைத்த சம்ப்பைத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் கீழே ஈரம் இல்லாவிட்டால் காயவைத்துப் பூட்டலாம்.

பிரீதரை மறக்கவேண்டாம். பழைய குழாய் நேராக இன்டேக்கில் சேர்கிறது. டர்போ உறிஞ்சத் தொடங்கினால் ஓயில் ஆவியையும் சேர்த்து உறிஞ்சும். 19ஜேக்கு வந்த வியாதியும் இதுதான். டீசல் எஞ்சினுக்கு ஓயிலும் டீசலும் ஒன்று. கூடுதலாக உள்ளே போனால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் சுற்றிச் சிதறும். பிரீதரை ஒரு ஓயில் பிடிக்கும் டப்பாவுக்குக் கொண்டுபோங்கள். முதல் நாள் எஞ்சின் போடும்போது இன்டேக் வாயை மூடத்தக்க ஒரு பலகைத் துண்டை ஒருவர் கையில் பிடித்தபடி நிற்கட்டும். கையால் மூடப் போகாதீர்கள்.

குழாய்கள் 51 மில்லிமீற்றர் சிலிக்கன் ஹோஸ். இரும்புக் குழாயின் நுனியில் சிறு வரம்பு ஒன்று எழுப்பாவிட்டால் எந்தக் கிளிப்பும் பிடிக்காது. ஒழுக்குப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை: பழைய சோனகத் தெருவில் ஒரு பிவிசி மூடியை வாங்கி, நடுவில் டியூப் இல்லாத டயரின் வால்வைப் பூட்டி, டர்போ வாயில் மாட்டி, 0.5 பார் காற்றடித்துச் சவர்க்கார நுரை பூசுங்கள். நுரை வளர்கிற இடம் ஒழுக்கு.

இன்டர்கூலர், அதாவது டர்போவில் இருந்து வருகிற காற்றைக் குளிர்விக்கிற ரேடியேற்றர், வேண்டுமா? காற்றை 45 பாகைக்குக் குளிரவைத்தால் 25 வீதம் என்ற கணக்கு 35 வீதத்தைத் தாண்டும், உண்மை. ஆனால் ரேடியேற்றருக்கு முன்னால் அதை மாட்டினால், மலையில் லாபமாக வந்ததைக் கொழும்பு நெரிசலில் கொதிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். 200ரிடிஐயில் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தாங்குகிற சட்டகம் கிடைக்கும்வரை இன்டர்கூலர் இல்லாமல் ஓடுங்கள், 0.45 பாருக்கு அது கட்டாயம் அல்ல.

முதல் முறை எஞ்சின் போடுதல்

புது ஓயில், ஃபில்டருடன் ஏழு லீற்றருக்குச் சற்றுக் குறைவு, 15டபிள்யூ-40. டர்போவின் மேல் துளையில் ஒரு மூடி ஓயில் ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். ஸ்டொப் சொலினொய்ட் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டாட்டரை 10 விநாடி, நிறுத்தி மறுபடி 10 விநாடி சுற்றுங்கள். அதற்கு முன்பே டர்போவின் அடிக்குழாயைக் கழற்றி ஒரு போத்தலைப் பிடித்திருங்கள். போத்தலில் ஓயில் ஒழுகத் தொடங்கிய பிறகுதான் குழாயைப் பூட்டி, வயரைத் திரும்ப மாட்டுவது. ஓயில் வராமல் எஞ்சின் போட்டால் அந்த டர்போவின் ஆயுள் நிமிடக் கணக்கில்தான்.

ஐந்து நிமிடம் ஐடில். அக்சிலரேற்றரை மிதித்து விசில் கேட்கிற ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

டீசல்

முதல் 500 கிலோமீற்றர் பம்பைத் தொடாமலே ஓடுங்கள். டீசல் அதேதான், காற்று மட்டும் கூட. எஞ்சின் இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எக்ஸோஸ்ட் சூடு குறையும், மலையில் புகை காணாமல் போகும். பலருக்கு இதுவே போதும். உண்மையில் இங்கேயே நிறுத்திவிடுகிற வண்டிதான் அதிக காலம் ஓடும்.

கூட்டத்தான் வேண்டும் என்றால் பம்பைக் கழற்றிப் பம்ப் ரூமுக்கு, அதாவது டீசல் பம்ப் திருத்துகிற கடைக்கு, கொண்டுபோங்கள். இது சிஏவி டிபிஎஸ் ரோட்டரி பம்ப். டெஸ்ட் பெஞ்சில் முதலில் இப்போதைய அளவை எழுதி வாங்குங்கள். 10 முதல் 12 வீதம் கூட்டச் சொல்லுங்கள். "25 வீதம் காற்று வருதே அண்ணை, 20 போட்டுவிடவா?" என்று பம்ப் ரூம்காரர் கேட்பார். வேண்டாம். மிச்சக் காற்று சூட்டைத் தணிக்கிற கூலி. இன்ஜெக்டர் நாலையும் அங்கேயே 135 பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுகிற இன்ஜெக்டர் பிஸ்டன் தலையைத் துளைக்கும், பூஸ்ட் இருந்தால் இன்னும் விரைவாக.

இந்தப் பம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 19ஜேயின் பம்பில் பூஸ்ட் வந்த பிறகே டீசலைக் கூட்டுகிற டயஃப்ராம் உண்டு. 12ஜேயின் பம்பில் இல்லை. ஆகவே கூட்டிய டீசல் பூஸ்ட் வருவதற்கு முன்பும் வரும். 1800 சுற்றுக்குக் கீழே மிதித்தால் கறுப்புப் புகை. வருடாந்தப் புகைச் சோதனையில் இது நேராக வந்து மாட்டும்: அங்கே வண்டியை நிறுத்தி, பாரம் இல்லாமல், அக்சிலரேற்றரைச் சட்டென்று முழுக்க மிதித்துத்தான் புகையை அளக்கிறார்கள். பாரம் இல்லாத அந்த ஒரு விநாடியில் டர்போ எழும்பாது. டீசல் மட்டும் முழுதாகப் போய்ச் சேரும். ரோட்டில் புகையே இல்லாத வண்டி சோதனையில் தோற்பது இதனால்தான். அந்தச் சோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடுகண்ணாவை

கொழும்பு மட்டமான ஊர். இங்கே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டால் அது சோதனை அல்ல. கண்டி வீதியில் பாதிப் பாரத்துடன் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போங்கள். மூன்றாம் கியர், 2200 முதல் 2600 சுற்று, முக்கால் மிதி. கண் இரண்டு மீற்றரில்: பூஸ்ட், எக்ஸோஸ்ட் சூடு. பூஸ்ட் 2000 சுற்றுக்குப் பக்கத்தில் 0.4ஐத் தொட்டு 0.45இல் நிற்கவேண்டும். சூடு மெதுவாக ஏறி 600க்கும் 650க்கும் இடையில் தங்கினால் நல்லது. 700ஐத் தொட்டால் மிதியை விட்டுக் கியரை இறக்குங்கள். நீண்ட ஏற்றத்தில் 700க்கு மேல் பிடித்துக்கொண்டு போவது பிஸ்டனைக் கேட்டு வாங்குவது. அலுமினிய பிஸ்டன் 700 பாகை வாயுவுக்கு நடுவில் உருகாமல் இருப்பதே, அடுத்த இழுப்பில் வருகிற புதுக் காற்றும் கீழே தெறிக்கிற ஓயிலும் அதைக் குளிரவைப்பதால்தான். நேரம் நீண்டால் அந்தக் கணக்குத் தோற்கும்.

சூடு ஏறுகிறது, பூஸ்ட் 0.3ஐத் தாண்டவில்லை என்றால் காற்று எங்கோ ஒழுகுகிறது, கிளிப்புகளைப் பாருங்கள். பூஸ்ட் சரி, சூடு அதிகம் என்றால் டீசல் அதிகம். சூடு சரி, தண்ணீர் ஏறுகிறது என்றால் ரேடியேற்றர். ஐடிலில் நின்றுவிட்டுப் புறப்படும்போது மட்டும் நீலப் புகை என்றால், மேலே சொன்ன அந்தத் திரும்புகிற ஓயில் குழாய். உச்சியில் நிறுத்தும்போது இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

வீடு திரும்பிய பின் ஓயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 500க்கு ஒருமுறை முதலில், பிறகு 5000க்கு ஒருமுறை. பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங். 1000 கிலோமீற்றரில் வால்வு இடைவெளியும் மெனிபோல்ட் நட்டுகளும் மறுபடி.

எல்லாம் சரியாக நிற்கிறது என்றால், அடுத்த காசை இன்னும் பூஸ்டில் போடாமல் எல்ரி230 ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில் (கியர்பெட்டியின் சுழற்சியை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) போடுங்கள். பழைய நாலு சிலிண்டர் 110களில் வந்த 1.667 பல் விகிதத்தோடு, 7.50-16 டயரில், நாலாம் கியரில் 80 போனால் எஞ்சின் ஏறக்குறைய 3150 சுற்றுச் சுற்றுகிறது. 1.41 பெட்டியில் அதே 80க்கு 2650 போதும். முன்பு அந்தப் பல்லை மாற்றினால் இழுக்க வலுவில்லாமல் இருந்த எஞ்சின், இப்போது இழுக்கும்.